ஆப்பில் நின்ற சுவர்

1

இன்று காலை வேலைக்குப் புறப்படுமுன் கீழே இறங்கிச் சுவரைத் தள்ளிப் பார்த்தேன். இது ஏறக்குறைய இரண்டு வருடப் பழக்கம். அதன் மூன்றாவது மரக்காலில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து உடம்பின் பாரம் முழுவதையும் கொடுப்பேன். பதினொரு திருகாணி போதுமான இடத்தில் இருபத்திரண்டு போட்டிருக்கிறேன். அசையாது என்று தெரிந்துதான் தள்ளுகிறேன். பிறகு கையைத் துடைத்துவிட்டு மேலே வந்து தேநீர் குடிப்பேன்.

வரும் வெள்ளிக்கிழமை என் மனைவி கமலாவின் தாயாருக்கு இரண்டாவது ஆண்டுத் திவசம். மாமியின் திவசத்தையும் இந்தச் சுவரையும் எங்கள் வீட்டில் யாரும் பிரித்து நினைப்பதில்லை. ஆனால் யாரும் சேர்த்துப் பேசுவதும் இல்லை. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு முதலில் பேஸ்மன்ற் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். இப்போது உங்களுக்கு நிலத்துக்குக் கீழே ஓர் இடம் என்றால் பங்கர்தான் நினைவுக்கு வரும். இது அதல்ல. ரொறன்ரோவில் வீடு கட்டுபவர்கள் உறைபனி எட்டாத ஆழம் வரை தோண்டி, சுற்றிவரக் கொங்கிறீற் சுவர் எழுப்பி, அடியில் கொங்கிறீற் தளம் ஊற்றி, அதற்கு மேலேதான் மர வீட்டை வைக்கிறார்கள். கீழே கிடைக்கும் பெரிய வெறும் இடம்தான் பேஸ்மன்ற். வீட்டைச் சூடாக்கும் உலையும் உடுப்புத் தோய்க்கும் இயந்திரமும் அங்கே இருக்கும். எங்கள் ஸ்காபரோ வீட்டில் நடுவே ஓர் இரும்புத் தூணும் இருக்கிறது. தூணுக்கு அப்பால் உள்ள பாதியை மறித்து, என் மைத்துனன் தவராசாவுக்கு ஓர் அறை கட்ட நினைத்தோம். அந்த அறையில்தான் அவனுடைய மனைவியும் மகளும் வந்து இறங்க வேண்டும். அவனுடைய வலக்கை அந்த அறைக்காகத்தான் போனது.

2

தவம் கமலாவின் ஒரே தம்பி. 1986இல் வந்து அகதிக் கிளெயிம் அடித்தான். அப்போது நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காவது மாடியில் இருந்தோம். 1987 வசந்தத்தில் இந்த வீட்டுக்கு மாறியபோது அவனும் எங்களோடு வந்தான். வரவேற்பறைச் சோபாதான் அவனுக்குப் படுக்கை. என் மகள் சுதாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவள் தொலைக்காட்சி பார்த்து முடிக்கும்வரை அவன் சமையலறையில் உட்கார்ந்திருப்பான். அதிகாலையில் பிறம்ரன் பக்கம் புது வீடுகளுக்கு மரச்சட்டம் அடிக்கும் வேலைக்குப் போக வேண்டியவன் அவன். ஒருநாளும் அவளை எழும்பச் சொன்னதில்லை.

அவனுடைய மனைவி மலர் யாழ்ப்பாணத்தில் மாமியோடு இருந்தாள். மகளுக்கு மூன்று வயது. ஒன்றரை வயதுக் குழந்தையாகத்தான் அவன் அவளைக் கடைசியாகப் பார்த்தது. இமிக்கிறேசனில் இருந்து கடிதம் வந்திருந்தது: தை மாதம் நேர்முகம். இங்கே வேரூன்றி நிற்கிறானா என்று பார்ப்பார்கள் என்று அந்த வரிசையில் முன்னால் போனவர்கள் சொன்னார்கள். நிலையான வேலை இருக்கிறதா, மனைவி பிள்ளை வந்தால் எங்கே வைப்பாய் என்று கேட்பார்களாம். வேலைக் கடிதம் தருவதாக வேலைத்தள மேற்பார்வையாளரான போர்மன் சொல்லியிருந்தார். அறைதான் இல்லை.

ஊரில் நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கட்டடப் படம் வரைபவன். இங்கே காட்போட் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கிறேன். ஆகவே அறைக்கான படத்தை நான் வரைந்தேன். கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற அளவில். தவம் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன அத்தான், சுவருக்குக் கீழை கோடு போட்டிருக்கிறியள்?"

"அத்திவாரம்."

"இதுக்கு அத்திவாரம் இல்லை அத்தான். இஞ்சை சுவர் தன்ரை பாரத்திலை நிக்கிறேல்லை. நிலத்தோடை கட்டிப் போட்டிருக்கும், மாடு மாதிரி. அவிட்டுவிட்டா நடந்து போயிடும்."

அப்படித்தான் எனக்கு விளங்கியது. நீளம் பதினான்கு அடி. கீழே ஓர் அடிச்சட்டம், மேலே ஒரு மேற்சட்டம், நடுவில் பதினாறு அங்குல இடைவெளியில் நிமிர்ந்து நிற்கும் பன்னிரண்டு மரங்கள். அவற்றை நான் கால் என்றே எழுதுகிறேன். கொங்கிறீற் எந்தக் காலத்திலும் ஈரம் கசியும் என்பதால் அடிச்சட்டம் மட்டும் மருந்து ஏற்றிய பச்சை மரம். அதற்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய நுரைப்பட்டி. இரண்டு காலுக்கு நடுவே ஒரு துளை, துளைக்கு ஒரு கொங்கிறீற் திருகாணி. சட்டத்தின் கனம் ஒன்றரை அங்குலம், திருகாணி தளத்துக்குள் இறங்க வேண்டியது ஒன்றேகால் அங்குலம். துளை அதைவிட அரை அங்குலம் ஆழமாக இருக்க வேண்டும். தூள் விழுந்து தங்க அடியில் இடம் வேண்டும் என்று தவம் சொல்லித் தந்தான்.

திருகாணி வாங்கப் போனது நான். சீமெந்து நிலத்தில் மரம் நிறுத்த வேண்டும் என்று கடைக்காரரிடம் என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னை வெளிமுற்றத்துக்கு அழைத்துப் போய் வேலிக் கம்பங்களைக் காட்டினார். வீட்டுக்குள் என்றேன். வீட்டுக்குள் வேலியா என்று கேட்டார். ஒருவிதத்தில் ஆம் என்று சொல்லிவிட்டு, நானாகவே தேடி எடுத்தேன்.

அந்த வருடம் ஐப்பசிச் சனிக்கிழமை ஒன்றில் வேலையைத் தொடங்கினோம். நீல மாவு தடவிய நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டினோம். தளத்தில் நேர்க்கோடு விழுந்தது. நிலத்தில் படுக்கவைத்தபடியே சட்டங்களை ஒன்றோடொன்று அடித்து முடித்து, இரண்டு பேருமாக நிமிர்த்தினோம். மேற்சட்டத்துக்கும் மேல்தளத்தைத் தாங்கும் வளைமரங்களுக்கும் நடுவே அரை அங்குலம் விட்டிருந்தோம். அந்த இடைவெளியில் ஆறு ஆப்புகளைச் செருகித் தட்டினோம். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், நேராக நின்றது. தவம் வேலைத்தள நண்பன் ஒருவனிடம் இரவல் வாங்கிவந்த ட்றில்லின் வயரைச் செருகிவிட்டு, முதல் இடைவெளியில் முழந்தாள் போட்டு உட்கார்ந்தான்.

அப்போது மேலே தொலைபேசி அடித்தது. எடுத்தவள் கமலா. அவள் கத்தவில்லை. "இஞ்சாருங்கோ" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். இரண்டாவது தரம் கூப்பிட்ட விதத்தில் தவம் ட்றில்லைக் கீழே வைத்துவிட்டான்.

3

பேசியது கொழும்புக்கு வந்து சேர்ந்த ஓர் அயலவர். லைன் சரியாக இல்லை. ஷெல் விழுந்தது, மாமி இல்லை, மலரும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்கள், கோயில் மண்டபத்தில் இருந்ததாகக் கேள்வி. அவ்வளவுதான். எப்போது என்று தவம் மூன்று முறை கேட்டான். "நாள் எனக்கும் சரியாத் தெரியாது தம்பி. அங்கை ஆருக்கு நாள் தெரியுது" என்று அவர் சொல்லும்போதே லைன் அறுந்தது.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசியும் இல்லை, தபாலும் இல்லை. மாமியை எரித்தார்களா, எங்கே, யார் நெருப்பு வைத்தது, ஒன்றும் தெரியாது. ஒரே மகன் இங்கே சோபாவில் உட்கார்ந்திருந்தான். அவன் செய்ய வேண்டிய ஒன்றையும் செய்ய முடியவில்லை. நாள் தெரியாவிட்டால் கேள்விப்பட்ட நாளில் இருந்து எண்ணுங்கள் என்று ஐயர் தொலைபேசியில் சொன்னார். என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தின் மூலையில் 1 என்று எழுதி வட்டமிட்டேன். அதிலிருந்து முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு.

துடக்கு வீட்டில் கட்டட வேலை நடப்பதில்லை. நிலை நிறுத்துவதில்லை, சுவர் வைப்பதில்லை. இது மாமியே எனக்குக் கற்றுத்தந்தது. நாங்கள் ஊரில் வீடு கட்டியபோது சுவர் நெஞ்சளவு உயர்ந்திருந்த நேரம், அவர்களுடைய சிறிய தகப்பனார் ஒருவர் காலமானார். மாமி மேசன்மாரை அன்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். மாரி தொடங்கப் போகிறது, கல்லெல்லாம் நனையும் என்று நான் முறையிட்டேன். "நனைஞ்சா காயும் தம்பி. முப்பத்தொரு நாள் சுவர் எங்கை போகப் போகுது?" என்றார்கள். சுவர் எங்கும் போகவில்லை. அரைச் சுவராக மழையில் நின்றது, காய்ந்தது, பிறகு எழும்பியது. சுண்ணாம்புக் கல், இரண்டடி ஆழத்தில் அத்திவாரம்.

அதை நினைத்துத்தான் நானும் சொன்னேன். தவம் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். "சுவர் அப்படியே நிக்கட்டும். முப்பத்தொண்டு முடிய அடிப்பம்." தவம் தலையாட்டினான். அன்று அவனிடம் எதைச் சொன்னாலும் தலையாட்டியிருப்பான்.

4

ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் ஆப்புகளைத் தொட்டுப் பார்த்தேன். நாட்குறிப்பில் எழுதினேன். முதல் இரண்டு கிழமை ஆறும் இறுக்கமாக இருந்தன. இரண்டாவது ஞாயிறுக்கு அடுத்த நாள் தவம் ட்றில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கார்த்திகை பிறந்ததும் குளிர் கடுமையாக இறங்கியது. உலை இரவும் பகலும் எரிந்தது. கடையில் வாங்கியபோது மரம் ஈரமாக இருந்தது. சூட்டில் காய்ந்து சுருங்கியது. இருபதாம் நாள் இரண்டு ஆப்புகள் விரலால் தள்ள அசைந்தன. அவற்றைக் கையால் அழுத்திவிட்டேன். சுத்தியலால் தட்டவில்லை. தட்டினால் அது வேலை செய்ததாகுமா ஆகாதா என்று படியில் நின்று யோசித்தது நினைவிருக்கிறது. யோசித்துவிட்டு, தட்டாமல் மேலே வந்தேன்.

சுதா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்கவில்லை என்று அவளுக்குக் கோபம். பள்ளிக்கூடத்து நடன விருந்துக்குப் போகக் கூடாது என்றோம், அதற்கும் கோபம். "அம்மம்மாவை நான் ஒன்பது வயசிலை பாத்தது. எனக்குக் கவலைதான். ஆனா அந்த டான்ஸ் என்ன செய்தது?" என்று கேட்டாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். கமலா எழும்பிப் போனாள்.

முப்பத்தோராம் நாள் திங்கட்கிழமையில் விழுந்தது. இந்த நாட்டில் திங்கட்கிழமை யாரும் வரமாட்டார்கள். ஐயருக்கும் வேலை. ஆகவே கிரியையை அடுத்த ஞாயிறு, முப்பத்தேழாம் நாளுக்குத் தள்ளிவைத்தோம். முந்தித்தான் செய்யக் கூடாது, பிந்தலாம் என்றார் ஐயர். எல்லோரும் ஒப்புக்கொண்டோம். இதை நான் குறிப்பாக எழுதுகிறேன். மற்றவர்களின் வசதிக்காக மாமியின் காரியத்தையே ஆறு நாள் தள்ள எனக்குச் சம்மதமாக இருந்தது.

வியாழக்கிழமை மாலை தவம் மறுபடி ட்றில்லோடு வந்தான். சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நேரே கீழே போனான். நானும் போனேன்.

"அத்தான், திங்களோடை முப்பத்தொண்டு முடிஞ்சுது. இப்ப அடிச்சுவிடுவம். பதினொரு துளை. அரை மணித்தியாலம்."

"ஞாயிறு ஐயர் வந்து எல்லாம் முடியட்டும். திங்கள் அடிப்பம்."

"ஆப்பு கழண்டுபோய் நிக்குது. ஞாயிறு சனம் வரும். நாலெண்டாலும் போடுவம், அந்தத் தலைப்பிலை ரெண்டு, இந்தத் தலைப்பிலை ரெண்டு."

"தவம், அம்மாவுக்கு நாங்கள் வேறை என்ன செய்தனாங்கள்?"

அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ட்றில்லைப் பெட்டியோடு மூலையில் வைத்துவிட்டு, குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் வரை வந்தார்கள். மேலே கிரியை முடிந்ததும் இடம் போதாமல் பலரைக் கீழே அனுப்பினோம். கொங்கிறீற்றில் போர்வைகள் விரித்திருந்தோம். சென் ஜேம்ஸ் ரவுணில் எங்களோடு ஒரே மாடியில் இருந்த சண்முகம் அண்ணை அந்தக் கனத்த உடம்போடு படியிறங்கி வந்து சட்டத்தைப் பார்த்தார்.

"என்ன தம்பி, உங்கடை சுவருக்கு எலும்பு மட்டும்தானோ? அங்காலை ஆர் என்ன சாப்பிடினம் எண்டெல்லாம் தெரியுது!"

"இனித்தான் தோல் போடுவம் அண்ணை" என்றான் தவம். அவன் ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான்.

அண்ணை நிலத்தில் அமர்ந்தார். அவருக்கு அருகே ஒரு பெண் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தவம் வடைத் தட்டோடு தூணடியில் நின்றான். அண்ணை முதுகுநோவுக்காரர். பின்னுக்குச் சரிந்து, மரக்கால் ஒன்றில் சாய்ந்தார்.

அடிச்சட்டம் வழுக்கியது. நுரைப்பட்டி கொங்கிறீற்றில் உரசும் சத்தம் கேட்டது. மேலே ஆப்புகள் உதிர்ந்தன. கீழ்ப்பக்கம் அந்தப் பக்கம் போக, மேற்பக்கம் இந்தப் பக்கம், அந்தக் குழந்தை இருந்த பக்கம் சரிந்தது. தவம் தட்டை விட்டெறிந்துவிட்டுக் கையை நீட்டி மேற்சட்டத்தைத் தாங்கினான். பதினான்கு அடிச் சட்டம் முறுகித் திரும்பி, அவனுடைய வலக்கையை இரும்புத் தூணோடு வைத்து நசுக்கியது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணைக்குத் தோளில் சிராய்ப்பு. தவம் சத்தம் போடவில்லை. "தூக்குங்கோ அத்தான், கெதியாத் தூக்குங்கோ" என்றுதான் சொன்னான்.

5

ஆஸ்பத்திரியில் சுதாதான் எங்களுக்காகப் பேசினாள். எனக்கு ஆங்கிலம் எழுத வரும், வாசிக்க வரும். அவசரத்தில் பேச வராது. தவத்துக்கு வேலைத்தளத்து ஆங்கிலம் மட்டும்தான்.

தாதி ஒரு படிவத்தோடு வந்தாள். எப்படி நடந்தது என்று கேட்டாள். சுவரின் சட்டம் விழுந்தது என்றாள் சுதா. சட்டம் ஏன் தளத்தோடு பொருத்தப்பட்டிருக்கவில்லை என்று தாதி கேட்டாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை, படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்திருக்கும். அதற்கு நான் பதில் சொன்னேன். என்னால் முடிந்த தெளிவான ஆங்கிலத்தில், இவளுடைய அம்மம்மா இறந்துவிட்டதால் என்று சொன்னேன்.

தாதி என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா பதற்றத்தில் இருக்கிறார், சட்டம் வழுக்கிவிட்டது, அவ்வளவுதான் என்று சுதா சொன்னாள். தாதி அதை எழுதிக்கொண்டாள்.

நடைபாதைக் கதிரையில் இருந்தபோது மகளிடம் கேட்டேன். "நான் உண்மையைத்தானே சொன்னனான்?"

"அப்பா, பிளீஸ். அவைக்கு உது விளங்காது."

"உனக்கு விளங்குதோ?"

"மாமா வியாழக்கிழமை கேட்டவர்தானே" என்றாள் அவள். "நாலெண்டாலும் போடுவம் எண்டு. நான் படியிலை இருந்தனான். எனக்குக் கேட்டது."

உள்ளங்கை எலும்புகள் மூன்று முறிந்திருந்தன. சுட்டு விரலும் நடுவிரலும் நசிந்திருந்தன. இரண்டு தடவை வெட்டித் தைத்தார்கள். சுத்தியல் பிடிக்க முடிந்ததும் வா என்று போர்மன் சொன்னார். நல்ல மனிதர், பழங்கள் கொண்டுவந்தார். ஆனால் வேலை செய்யாதவனுக்கு வேலைக் கடிதம் எழுத அவரால் முடியவில்லை.

தை மாதம் நேர்முகத்துக்குக் கட்டுப் போட்ட கையோடு போனான். அரைமணி நேரத்தில் வெளியே வந்தான். "என்ன கேட்டவை?" என்றேன். "கையைப் பாத்திச்சினம்" என்றான். பிறகு கடிதம் வந்தது. அவனுடைய நிலைமை உறுதிப்பட்டதும் கோப்பு மறுபடி பரிசீலிக்கப்படும் என்று இரண்டு பத்தி. எங்கள் வீட்டில் உத்தியோகக் கடிதங்களை வாசிப்பவன் நான். அதையும் நான்தான் அவனுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். "மலருக்கு எழுதாதேங்கோ" என்று மட்டும் சொன்னான்.

6

விழுந்த சட்டம் மாசி வரை கிடந்தது. யாரும் தொடவில்லை. உடுப்புத் தோய்க்கப் போகும்போது கமலா அதைச் சுற்றிக்கொண்டு போவாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை தவம் தானே சொன்னான்: "நிமித்துவம் அத்தான். அறை வேணும்தானே."

அவன் கவிழ்த்த பெயின்ற் வாளியில் உட்கார்ந்து இடக்கையால் காட்டினான். நான் செய்தேன். நீலக் கோடு தளத்தில் அப்படியே இருந்தது. அடிச்சட்டத்தை அதில் வைத்து, ஒவ்வோர் இடைவெளியிலும் துளை போட்டேன். மரத்தைக் கடக்கும்வரை ட்றில் மெதுவாகப் போகும். கொங்கிறீற்றைத் தொட்டதும் தோள்வரை அதிரும். சாம்பல் நிறத் தூள் எழும்பிக் கண்ணுக்குள் வரும்.

"அமத்தாதேங்கோ. அது தன்ரைபாட்டுக்கு இறங்கும்."

"ஆழம் காணுமோ?"

"வெளியிலை எடுத்துத் தூளை ஊதுங்கோ. இல்லாட்டி ஆணி பாதியிலை நிண்டிடும்."

துளையை ஊதி, திருகாணியை இறக்கி, தலை மரத்தோடு ஒட்டும்வரை இறுக்கினேன். பதினொன்றும் முடிந்தன. அரை மணித்தியாலம் என்று அவன் சொன்னது சரி. இருபத்தேழு நிமிடம். நான் எழும்பவில்லை. முதல் இடைவெளிக்குத் திரும்பிப் போய் இரண்டாவது துளையைப் போடத் தொடங்கினேன். அவன் நாலைந்து துளை வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"காணும் அத்தான். உது மாடு இல்லை, சுவர்."

நான் நிறுத்தவில்லை. இருபத்திரண்டும் போட்ட பிறகுதான் எழும்பினேன். அறைப்பக்கம் பலகை அடித்தோம். படிப்பக்கம் இன்னும் அடிக்கவில்லை, கால்கள் தெரியும். உள்ளே ஒரு பெரிய கட்டிலும் ஒரு சின்னக் கட்டிலும் வாங்கிப் போட்டான். சின்னக் கட்டிலின் மெத்தையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்ரிக் உறையை இன்றுவரை கழற்றவில்லை.

அவனுடைய இரண்டு விரல்கள் இப்போதும் மடங்குவதில்லை. பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறான். கோப்பு பரிசீலனையில் இருக்கிறது. மகளுக்கு ஐந்து வயதாகிவிட்டது.

7

போன வருடம் முதலாவது திவசம் வந்தது. நாள் தெரியாததால், செய்தி வந்த நாளின் திதியையே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். வேலைநாளில் விழுந்த அந்தத் திதியைக் கிட்டிய ஞாயிறுக்கு மாற்றி, ஐயரிடம் சொல்லிவைத்தேன். பிறகு சுதாவிடம், அன்று வீட்டில் நிற்க வேண்டும் என்றேன்.

"ஏன்?"

"அம்மம்மாவின்ரை திவசம்."

"அது முடிஞ்சுதே. மாமா செய்திட்டார்."

"என்ன?"

"மூண்டு கிழமைக்கு முன்னம். கீழை, அவரின்ரை றூமிலை. நான்தான் விளக்குக் கொளுத்தினனான். அவருக்கு நெருப்புக்குச்சி பிடிக்க ஏலாது அப்பா, தெரியாதே?" சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஓ. சொல்லக் கூடாது எண்டவர்."

நான் கீழே போனேன். தவம் கட்டிலில் உட்கார்ந்து சேட் ஒன்றை மடித்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான்.

"பிள்ளை சொல்லிப்போட்டாளோ?"

எழும்பிப் போய் பெட்டிக்குள் இருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தான். மலருடையது. வசந்தத்தில் கொழும்பில் இருந்து வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பியது. ஏழு மாதமாக அவன் வைத்திருந்திருக்கிறான். மாமி இறந்த நாள், கிழமை, நேரம் மூன்றும் அதில் இருந்தன. கிணற்றடியில் நின்றபோது என்று எழுதியிருந்தாள். எரித்தது பக்கத்து வளவில், மலரின் தமையன்தான் கொள்ளி வைத்தாராம்.

"ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் கணக்குப் பாப்பியள் அத்தான்."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கமலாவுக்கு அன்று மாலையே சொன்னோம். "தனியவோ செய்தவன்?" என்று கேட்டாள். சுதாவோடு என்றேன். மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டாள். இருவரும் வெகுநேரம் எழும்பவில்லை.

நான் கணக்குப் பார்த்தேன். ஐயரிடம் யாரோ ஒருவருக்காகக் கேட்பதுபோல் கேட்டேன். துடக்கு நாட்களுக்கு நடுவே செய்தி வந்தால், எஞ்சிய நாட்களை மட்டும் காத்தால் போதும் என்றார். செய்தி எங்களுக்கு வந்தபோது மாமி இறந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று முதலாம் நாள் அல்ல, இருபத்துமூன்றாம் நாள். முப்பத்தொன்று முடிந்தது நாங்கள் கிரியை செய்த ஞாயிறு அல்ல, அதற்கு நாலு ஞாயிறு முன்பு. சுவர் விழுந்தது ஐம்பத்தொன்பதாம் நாள்.

உண்மையில் முப்பத்தொன்று முடிந்த அந்த ஞாயிறுக்கான நாட்குறிப்புப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான், ஒரு திருத்தம் கூட இல்லை.

"ஞாயிறு. வெயில், குளிர் குறைவு. கமலா படுத்திருக்கிறாள். ஆப்புகள் ஆறும் இறுக்கம். ட்றில்லைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன், நாளை தவம் திருப்பிக் கொடுப்பான். மத்தியானத்துக்குப் பிறகு அவனும் நானும் சும்மா இருந்தோம். இன்று செய்வதற்கு வேலை எதுவும் இல்லை."